பட்டை தீட்டிய நீலம்

வெள்ளித் தகட்டில் சாமி உருவம் எழுப்பும்போது மூக்கு கொஞ்சம் தூக்கிவிட்டால் பெரிய நஷ்டமில்லை. சூடுகாட்டித் தகட்டை அரக்கிலிருந்து எடுத்து, திருப்பிப் பதித்து, சிற்றுளியால் மெல்லத் தட்டி அமுக்கிவிடலாம். தஞ்சாவூர்த் தட்டு வேலை செய்கிற எங்களுக்கு உலோகம் தரும் சலுகை அது. கண்ணாடி அந்தச் சலுகையைத் தராது. சாணைச் சக்கரம் தின்றது போனதுதான்.

டோக்கியோவில் வேலை பார்க்கும் தங்கை மகன் பொங்கலுக்கு வந்தபோது, "மாமா, உங்க தொழில்கண்ணோட பாருங்க" என்று இரண்டு கண்ணாடிக் கிண்ணங்களைக் கொடுத்தான். ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. சாக்கே என்ற அரிசி மதுவுக்கானவை, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். இந்த வெட்டுக் கண்ணாடி வேலைக்கு எடோ கிரிகோ என்று பெயர். எடோ என்பது பழைய டோக்கியோ. அங்கே 1834-இல் காகயா கியூபே என்ற வியாபாரி குருந்தம் என்ற கடினக் கல்லின் பொடியால் கண்ணாடியைச் செதுக்கியதுதான் தொடக்கம் என்பார்கள். 1881-இல் எமானுவேல் ஹாப்ட்மன் என்ற ஆங்கிலேயர் வந்து ஷினகாவா கண்ணாடி ஆலையில் சக்கர வேலை கற்றுக்கொடுத்திருக்கிறார்.

கிண்ணத்தின் உட்புறம் நிறமில்லாத கண்ணாடி, அதன்மேல் மெல்லிய நீலப் போர்வை. வெட்டிய இடத்தில் நீலம் போய்ப் பளிச்சென்று தெரியும். ஜப்பானின் தெற்கே சத்சுமாவில் 1850-களில் செய்த வகையில் நிறப்படலம் தடிமன். வெட்டு ஆழமாக ஆக நிறம் மெல்ல மெல்ல வெளிறும். அழகுதான். ஆனாலும் எடோவின் கறார்தான் எனக்குப் பிடிக்கிறது.

வேலை நடப்பதைக் காணொளியில் பார்த்தேன். முழு வடிவத்தையும் கிண்ணத்தின் மேல் வரைந்துகொள்வதில்லை. அளவு பிசகாமல் சில வழிகோடுகள், அவ்வளவே. வெளிப்புறத்தைச் சக்கரத்தில் வைத்து அழுத்திக்கொண்டு, கிண்ணத்தின் உட்பக்கம் வழியாகப் பார்த்தே வெட்டுகிறார்கள். மீதிக் கணக்கெல்லாம் கையில்.

நீலத்தில் இருப்பது ககோமே, அறுகோணக் கண் விட்டுப் பின்னிய மூங்கில் கூடையின் வடிவம். அந்தக் கண்கள் தீயதை விரட்டும் என்று நம்பிக்கை. மீன்முட்டைகளாய் மினுங்கும் நனாகோ, ஆமை ஓட்டின் கிக்கோ என்று வேறு வடிவங்களும் உண்டு.

என்னை உட்கார வைத்தது சிவப்புதான். சாமந்திப் பூக்களின் தொடர், கிக்கு சுனாகி. தனியாகப் பூ என்று யாரும் செதுக்குவதில்லை. நெடுக்கு, குறுக்கு, இரண்டு பக்க மூலைவாட்டம் என்று மயிரிழைக் கோடுகள் ஒரே புள்ளியில் வந்து விழுந்தால், அங்கே பூ தெரியும். ஒரு கோடு விலகினால் அதன் பாதையில் இருக்கிற அத்தனை பூவும் கோணும். போதாததற்குக் கிண்ணம் வாய் அகன்று அடி குறுகியது. கட்டங்கள் கீழே போகப் போகச் சுருங்கியாக வேண்டும். பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு சந்திப்பாகப் பார்த்தேன். எல்லாம் புள்ளியில் நிற்கின்றன. இதைச் செய்தவரின் மூச்சுக்கட்டு எப்படிப்பட்டதாக இருக்கும்!

விரலை ஓட்டினால் விளிம்பு இன்னும் கூராக இருக்கிறது. அமிலத்தில் முக்கிப் பளபளப்பு ஏற்றினால் விளிம்பு மழுங்கிப்போகும். இது சக்கரத்தில் பொறுமையாகத் தேய்த்து மெருகேற்றியது.

வீட்டில் காபி ஊற்றிப் பார்க்கலாமா என்றார்கள். சூடு தாங்காது, வேண்டாம் என்றேன். கீழவாசல் பட்டறைக்கு எடுத்துப்போய்ப் புதுப் பையனிடம் கொடுத்து, பித்தளைத் துண்டில் இந்தச் சாமந்திக் கோடுகளை இழுத்துப் பழகச் சொல்லியிருக்கிறேன். கை நின்றதும் தட்டின் ஓரப்பூ வேலையை அவனிடம் விடலாம்.