சில்க் போர்டு வேகத்துக்கு ஒரு ட்யூனிங்

ஓசூர் ரோட்டில் எண்பதைத் தாண்டிவிட்டால் என் பழைய நிஞ்ஜா 650 பைக்கைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெங்களூரின் டின் ஃபேக்டரி, சில்க் போர்டு ஜாமில் முதல் கியரில் ஊரும்போதுதான் அதன் குணம் தெரியும். ஹேண்டில் நடுங்கும், ஐடிலிங் ஏறி இறங்கும், த்ராட்டிலைத் தொட்டாலே ஒரு குலுக்குக் குலுக்கிப் பாயும். சர்வீஸில் ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு, "எரர் கோடு எதுவும் இல்ல சார், கம்ப்யூட்டரே எல்லாத்தையும் பாத்துக்கும்" என்றார்கள்.

பெட்ரோலை அது பார்த்துக்கொள்ளும், சரி. காற்று? இரண்டு சிலிண்டருக்கும் தனித்தனி த்ராட்டில் பாடி, அதாவது காற்று உள்ளே போகும் வாய். ஐடிலிங்கில் உள்ளே இருக்கும் தட்டுகள் மயிரிழைதான் திறந்திருக்கும். அந்த நிலையில் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் துளி வித்தியாசம் இருந்தாலும், ஒரு சிலிண்டர் இழுக்க, மற்றது அதன்மேல் சவாரி செய்யும். முழுதாகத் திறந்தபின் அந்தத் துளி எந்த மூலைக்கு? அதனால்தான் ஹைவேயில் சமர்த்தாக இருக்கும் வண்டி ஜாமில் அடம்பிடிக்கிறது. நம் ஊரில் ஓட்டுவதில் பெரும்பாதி ஜாம்தானே. இரண்டு பக்கக் காற்றையும் சமன்செய்யும் இந்த ட்யூனிங்குக்குத்தான் 'சிங்க்' என்று பெயர்.

எனக்கு வேலை ஏசி டக்ட்டில். ஃபில்டருக்கு முன்னும் பின்னும் அழுத்தம் பார்க்க 'யு' ட்யூப் மானோமீட்டரைத் தினமும் தொடுகிறவன், இதற்குப் போய் உறிஞ்சலை அளக்கும் கேஜ் செட் வாங்குவதா? அல்சூர் பஜாரில் கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற லெவல் ட்யூப் வாங்கி, ஆளுயரப் பலகையில் 'யு' வடிவில் கட்டி, அடியில் 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் வண்டிகளில் பெட்ரோலோடு கலந்து எரியும் ஆயில்) ஊற்றினேன். பாதரசம் விஷம், வீட்டுப் பக்கமே வேண்டாம். 2டி ஆயில் தவறி இன்ஜினுக்குள் போனாலும் புகைந்து தீரும். அதோடு, பாதரசத்தில் ஒரு சென்டிமீட்டர் காட்டும் வித்தியாசம் ஆயிலில் சுமார் 15 சென்டிமீட்டராக விரியும். மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும் சின்ன பிளாஸ்டிக் வால்வு இரண்டைக் குழாய்க்கு ஒன்றாகச் சொருகி, முக்கால்வாசி மூடிவிட வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு உறிஞ்சலுக்கும் ஆயில் குதிக்கும், எதையும் படிக்க முடியாது.

பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல். வெளிக்காற்றின் அழுத்தமே இங்கே பத்தில் ஒரு பங்கு குறைவு. கேஜ் வைத்தால் மேனுவலில் போட்ட எண் வரவில்லையே என்று மண்டை காயும். 'யு' ட்யூப் இரண்டு சிலிண்டரையும் ஒன்றோடொன்று ஒப்பிடுவதோடு சரி.

ஏர் ஃபில்டர், கேபிள் தளர்வு, இன்டேக் ரப்பரில் கசிவு, இன்ஜின் வால்வ் இடைவெளி எல்லாம் முதலில். சிங்க் கடைசி. டேங்கைத் தூக்கி, பெட்ரோல் லைனைக் கழற்றாமல் முட்டுக்கொடுத்து, திறந்த வெளியில் இன்ஜினை நன்றாகச் சூடாக்கணும். பேஸ்மென்ட்டில் செய்யாதீர்கள், புகை ஆளைச் சாய்த்துவிடும். கீழ்வீட்டு ஓனர் அக்கா எட்டிப் பார்த்து, "ஏம்பா, இன்னும் எவ்ளோ நேரம் உறுமும்?" என்றார். "கால் மணிதாங்கா" என்றேன். அதற்குமேல் அவரும் தாங்க மாட்டார், ரேடியேட்டரும் தாங்காது.

'யு' ட்யூபின் இரு முனைகளையும் த்ராட்டில் பாடிக்கு ஒன்றாக மாட்டி, பிளாஸ்டிக் வால்வை மெல்லத் திறந்தேன். இடப்பக்க ஆயில் கிடுகிடுவென்று ஏறியது. ஏறுகிற பக்கம் உறிஞ்சல் அதிகம், அதாவது அங்கே காற்று குறைவு. நீள ஸ்க்ரூடிரைவரால் அந்தப் பக்க பைபாஸ் ஸ்க்ரூவை (தட்டைச் சுற்றிப் போகும் காற்றைக் கூட்டிக் குறைப்பது) கால் சுற்றுக்கும் குறைவாக வெளியே திருப்பினால், ஆயில் ஒரு நொடி யோசித்துவிட்டு இறங்க ஆரம்பிக்கும். அந்த ஒரு நொடிக்குக் காத்திருக்கணும். அவசரப்பட்டு இன்னும் திருப்பினால் எதிர்ப்பக்கம் ஏறும். ரேடியேட்டர் ஃபேன் ஓடும்போது எதையும் தொடாமல், அது நின்றபின் பார்க்கலாம். மட்டம் சேர்ந்ததும் ஐடிலிங்கை 1300-க்குக் கொண்டுவந்து, ஒருமுறை 3000 வரை முறுக்கி விட்டு, மறுபடி மட்டம் பார்க்கணும். தட்டுகளை இணைக்கும் ஸ்க்ரூ கம்பெனியில் வைத்தது, அதில் கை வைக்கவே கூடாது.

முடித்ததும் இன்ஜினை அணைத்த பிறகே குழாயைக் கழற்றுங்கள். ஓடும்போது ஒரு பக்கம் கழன்றால் மறுபக்கம் மொத்த ஆயிலையும் குடித்துவிடும்.

இப்போது முதல் கியரில் கிளட்சை விட்டாலே வண்டி அமைதியாக நகர்கிறது. நடுக்கம் முழுதாகப் போகவில்லை, போகவும் போகாது. இது 180 டிகிரி கிராங்க், ஒரு பிஸ்டன் ஏறும்போது மற்றது இறங்கும். இரண்டு வெடிப்புகளுக்கு நடுவே ஒருமுறை 180, மறுமுறை 540 டிகிரி. அந்த நொண்டல் பிறவிக்குணம், அதைச் சரிசெய்கிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். இன்டர்செப்டர் 650 வைத்திருப்பவர்களுக்கும் தத்துவம் இதேதான், ஸ்க்ரூ எது என்று மட்டும் அந்த மேனுவலைப் பாருங்கள். சிங்கிள் சிலிண்டர்காரர்கள் ட்யூப் வாங்கக் கிளம்ப வேண்டாம், ஒப்பிட இன்னொரு சிலிண்டர் கிடையாது.