ஜிமிக்கி மட்டும் தெளிவு

பினாங்கு குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயில் வாசலில் இன்று ஒரு தம்பி கேமராத் திரையைப் பெரிதாக்கிக் காட்டினார். கல்யாணப் படம்.

மணப்பெண்ணின் ஜிமிக்கியில் ஒவ்வொரு முத்தையும் எண்ணிவிடலாம். கண் இமைகள் மட்டும் மங்கல்.

"ஃபோகஸ் புள்ளியைக் கண்மேலதான் வச்சேன் அண்ணே. லென்ஸை வித்துடவா?"

அவசரப்படாதீங்க தம்பி என்றேன்.

கேமராவை முக்காலியில் வைத்து, அறிவிப்புப் பலகைக்கு நேராக நிறுத்தினோம். லென்ஸின் துளையை எஃப் 1.8-க்கு அகலத் திறந்தோம். கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் வழியாக ஒரு படம், பின்திரையில் பார்த்து எடுக்கும் லைவ் வியூவில் ஒரு படம். முதலாவதில் எழுத்துகள் பஞ்சுபோல இருந்தன. இரண்டாவதில் கத்திபோலக் கூர்மை.

அப்போ லென்ஸ் நல்ல லென்ஸ்தான்!

உள்ளே கண்ணாடி வைத்த கேமராவான டிஎஸ்எல்ஆரில் வியூஃபைண்டர் வழியாக எடுக்கும்போது ஃபோகஸை அளப்பது அடியில் இருக்கும் தனி சென்சார். படம் பதிவதோ வேறொன்றில். இரண்டுக்கும் இடையே இம்மி பிசகினால் கண்ணுக்கு வைத்த ஃபோகஸ் காதுக்குப் போய்விடும். லைவ் வியூவில் படம் பதியும் சென்சாரே ஃபோகஸையும் பார்ப்பதால் அந்தப் பிசகு வராது.

அவர் கேமராவில், ஃபோகஸ் விழும் இடத்தை முன்பின் திருத்தும் ஏஎஃப் ஃபைன் டியூன் வசதி இருந்தது, மைனஸ் 20 முதல் பிளஸ் 20 வரை. ஃபோகஸ் பின்னால் விழுவதால் மைனஸ் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினோம். மைனஸ் 7-இல் எழுத்து தெளிந்தது.

கல்யாண வேலையில் இருக்கும் எத்தனை இளைஞர்கள் நல்ல லென்ஸை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள்! மனசு கேட்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

இந்த வசதி இல்லாத கேமராவா? சர்வீஸுக்குக் கொடுக்கும்போது லென்ஸோடு கேமராவையும் சேர்த்தே கொடுங்கள்.