மணிக்கணக்கில் அடங்காத வயது

அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் காட்டுத்தீ அணைக்கப் போகும் ஹெலிகாப்டர்களில் பல, ராணுவம் பயன்படுத்திவிட்டு ஒதுக்கியவை. ‘ஹியூயி’ என்று எல்லோரும் அழைக்கும் பெல் யுஎச்-1 முதன்முதலில் பறந்தது 1956-இல். சிகோர்ஸ்கி எஸ்-61, சினூக், ஸ்கைகிரேன் மூன்றும் 1959 முதல் 1962 வரைக்குள் பறக்கத் தொடங்கிய குடும்பங்களைச் சேர்ந்தவை. அந்தக் காலத்து இயந்திரம் என்பதாலேயே ஆபத்தானது என்று சொல்லிவிட முடியாது. ரோட்டர், கியர்பாக்ஸ், என்ஜின் எல்லாம் கெடு முடிந்ததும் கழற்றி மாற்றப்படுபவைதான். அறுபது வருட ஹெலிகாப்டரில் அறுபது வருடப் பாகங்கள் கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கும். பயப்பட வேண்டியது, எந்த ஏட்டிலும் எண்ணப்படாமல் போன உழைப்புக்கு.

தீயணைப்பில் அந்த உழைப்பு எப்படிச் சேர்கிறது என்று பாருங்கள். குளமும் தீயும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் நான்கைந்து நிமிடத்துக்கு ஒரு நடை. ஒரு மணி நேரத்தில் பன்னிரண்டு, பதினைந்து முறை வாளி நிறைகிறது, காலியாகிறது. ஹியூயி தூக்கும் வாளியில் சுமார் 1,200 லிட்டர் பிடிக்கும். ஹெலிகாப்டரின் உச்ச எடையே 9,500 பவுண்ட், அதாவது 4,300 கிலோ. கால் பங்குக்கும் மேலான எடை ஒவ்வொரு நடையிலும் ஏறி இறங்குகிறது. ஏறும்போதெல்லாம், ரோட்டரைத் தாங்கிச் சுழற்றும் செங்குத்துக் குழாயான மாஸ்ட் முறுக்கப்படுகிறது, இறங்கியதும் தளர்கிறது. உலோகத்தைச் சோர்வடையச் செய்வது இந்த முறுக்கலும் தளர்வும்தான். ஆட்களை ஏற்றி ஒரு மணி நேரம் நேராகப் பறந்தாலும், வாளியோடு ஒரு மணி நேரம் போய் வந்தாலும், மணிக் கணக்கில் இரண்டும் ஒன்று. மாஸ்டுக்கு ஒன்றல்ல.

இதற்காகத்தான் பெல் நிறுவனம் மாஸ்ட் போன்ற பாகங்களுக்கு மணிக் கணக்கோடு இன்னொரு கணக்கையும் கட்டாயமாக்கியது. ‘ரிடயர்மென்ட் இண்டெக்ஸ் நம்பர்’, அதாவது பாகத்துக்கு ஓய்வு கொடுக்கும் நாளைச் சொல்லும் எண். சுருக்கமாக ‘ரின்’ என்பார்கள். ஒவ்வொரு கிளம்பலும் ஒவ்வொரு சுமைத் தூக்கலும் இதில் புள்ளிகளாகச் சேரும். மணியோ புள்ளியோ, எது முதலில் எல்லையைத் தொடுகிறதோ அன்றைக்கு அந்தப் பாகம் குப்பைக்குப் போக வேண்டும். ராணுவத்திலிருந்து வந்த மாஸ்டில்தான் சிக்கல். அதன் பதிவு அட்டையில் மணிகள் இருக்கும். எத்தனை தூக்கல் என்பது இருக்காது. அப்படிப்பட்ட மாஸ்டுக்கு உத்தேசமாக ஒரு எண்ணைப் போட்டு ஓட்டுவதைவிட, அதைக் கழித்துக்கட்டி வரலாறு தெரிந்த ஒன்றைப் போடுவதே சரி. செலவு கூடும்தான். ஆனால் ஹெலிகாப்டர் மொத்தமும் ரோட்டரிலிருந்து தொங்குவது அந்த ஒற்றைக் குழாயில்.

மாஸ்டை வெளியிலிருந்து பார்ப்பதற்கும் ஒரு வேலை இருக்கிறது. ஹியூயியின் இரண்டு இறக்கை ரோட்டர் ஊஞ்சலாடும் வகை. தண்ணீரைக் கொட்டியதும் ஒரு டன்னுக்கு மேல் எடை ஒரு நொடியில் போய்விடும். ஹெலிகாப்டர் தானாக மேலே எழும்பும். அப்போது விமானி அவசரமாக மூக்கைக் கீழே தள்ளினால் ரோட்டரின் பாரம் குறைந்து, இறக்கைகளைப் பிணைக்கும் நடுப்பகுதியான ஹப் ஒரு பக்கமாகச் சாய்ந்து மாஸ்டில் இடிக்கலாம். ஆகவே நாள்தோறும் டார்ச்சை அடித்து, ஹப்புக்குக் கீழே, அது சாயும்போது அதன் தடுப்பு மாஸ்டில் முட்டக்கூடிய இடத்தைச் சுற்றிலும் பார்க்க வேண்டும். விரலால் தடவும்போது சின்னப் பள்ளம் தட்டுப்பட்டாலும் அன்றைய பறப்பை நிறுத்திவிட வேண்டும்.

விரிசல் தேடுவதில் அவசரம் ஆகவே ஆகாது. வால்பகுதி உடலோடு சேரும் நான்கு போல்ட் பொருத்தங்கள், செங்குத்து வால் துடுப்பின் உள்சட்டம், வாளி தொங்கும் கொக்கியைத் தாங்கும் சட்டம் இவையெல்லாம் விரிசல் விடும் இடங்கள். விரிசலுக்குள் இறங்கும் சிவப்புச் சாயத்தைப் பூசிப் பார்க்கும்போது முதலில் பெயின்ட் முழுவதையும் எடுத்துவிட வேண்டும். சுரண்டி எடுத்தால் உலோகம் நசுங்கி விரிசலின் வாய் மூடிக்கொள்ளும், ரசாயனம் கொண்டு கரைத்தே எடுக்க வேண்டும். சாயம் பூசி, தயாரிப்பாளர் சொல்லும் நேரம் முழுக்கக் காத்திருக்க வேண்டும். பிறகு அதிகமாக நடக்கும் தவறு இது: மிச்சச் சாயத்தைப் போக்கக் கரைப்பானை நேரடியாகப் பாகத்தின்மேல் பீய்ச்சுவார்கள். விரிசலுக்குள் இறங்கிய சாயமும் கழுவிக்கொண்டு போய்விடும். பாகம் சுத்தமாக இருப்பதாகக் கையெழுத்தாகும். கரைப்பானைத் துணியில் நனைத்துத்தான் துடைக்க வேண்டும். வெள்ளைப் பொடி அடித்தபின் உடனே சிவப்புக் கோடு தெரியவில்லை என்று நகர்ந்துவிடக் கூடாது. நுண்ணிய விரிசல் மெதுவாகத்தான் கசிந்து தெரியும்.

கண்ணுக்கே எட்டாத இடங்களும் உண்டு. 2002 ஜூனில் கலிஃபோர்னியாவின் வாக்கர் அருகே ஒரு சி-130ஏ தீயணைப்பு விமானத்தின் இறக்கைகள் பறக்கும்போதே முறிந்தன. ஒரு மாதம் கழித்துக் கொலராடோவில் இரண்டாம் உலகப் போர் காலத்து பிபி4ஒய் விமானம் ஒன்று அதேபோல் விழுந்தது. சி-130ஏ-வில் விரிசல் தொடங்கியது, தயாரிப்பாளரே போட்டிருந்த ஒட்டுத் தகட்டுக்கு அடியில். அது தொடங்கிய இடத்தைத் தகடு கண்ணுக்கு மறைத்துவிட்டது. 2004 மே மாதம் அமெரிக்க வனத்துறை 33 பெரிய டேங்கர் விமானங்களின் ஒப்பந்தத்தை ரத்து செய்ததற்கு இந்த விபத்துகளே பின்னணி. ஹெலிகாப்டர்களிலும் ஒட்டுத் தகடுகள் ஏராளம். அடியில் என்ன இருக்கிறது என்று அறிய, உலோகத்துக்குள் மின்னோட்டத்தைத் தூண்டி விரிசலைக் காட்டும் சுழல் மின்னோட்டச் சோதனை வேண்டும், டார்ச் போதாது.

கியர்பாக்ஸ் மட்டும் நமக்கு முன்கூட்டியே சொல்லிவிடும். எண்ணெய்க்குள் இருக்கும் காந்த முனையைக் கழற்றினால் விபூதி மாதிரி மெல்லிய சாம்பல் படலம் இருப்பது சகஜம், துடைத்து மாட்டலாம். நகத்தில் சிக்கும் செதில் ஒன்று மினுங்கினால் எங்கோ ஒரு பேரிங் உரிகிறது என்று பொருள்.

புதிய பாகம் போட்டாலே நிம்மதி என்றும் இருந்துவிட முடியாது. 2021 ஜூன் 28 அன்று கனடாவின் ஆல்பர்ட்டாவில் தீயணைப்பில் இருந்த பெல் 212 ஒன்றின் ரோட்டர் பறக்கும்போதே பிரிந்து, விமானி இறந்தார். இறக்கையை ஹப்போடு பிணைக்கும் பட்டையின் வெளிப்பக்க ஊசி துண்டாகியிருந்தது. அந்த ஊசி ஓடியிருந்தது வெறும் 20 மணி நேரம். குறிப்பிட்ட வரிசை எண் கொண்ட ஊசிகளை உடனே கழற்றச் சொல்லி ஜூலை முதல் வாரத்திலேயே கனடா அவசர ஆணை பிறப்பித்தது. 212 மட்டுமல்ல, பெல்லின் வேறு சில ரகங்களுக்கும் அது பொருந்தியது. வந்த பாகத்தின் சான்றிதழில் உள்ள வரிசை எண்ணைப் பாகத்தில் பொறித்த எண்ணோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு, லாக்புக்கில் தெளிவாக எழுதி வைத்திருந்தவர்களால் அன்று ஒரு மணி நேரத்தில் பதில் சொல்ல முடிந்திருக்கும். எழுதாதவர்கள் ஹப்பைப் பிரித்துத்தான் பார்த்திருக்க வேண்டும்.

என்ஜினின் வயதைச் சாம்பல் கூட்டுகிறது. புகைக்குள்ளும் புழுதிக்குள்ளும் நிற்கும்போது கம்ப்ரஸர் இதழ்களின் விளிம்பு தேய்ந்து சக்தி குறைகிறது. ஹியூயியில் இது ஒளிந்துகொள்ளும் விதம் கவனிக்கத் தக்கது. டி53-எல்-13பி என்ஜின் 1,400 குதிரைசக்தி தரும். கியர்பாக்ஸ் தாங்குவதோ 1,100. கடல் மட்டத்தில் குளிர்ந்த காலையில் சோதித்தால் 300 குதிரைசக்தி மிச்சம் இருப்பதால் தேய்ந்த என்ஜினும் குறை காட்டாது. 6,000 அடி மலையில், 30 டிகிரி வெயிலில், காற்று ஏறக்குறைய 9,200 அடியில் இருப்பதுபோல் மெலிந்திருக்கும். குறை அங்கே, வாளி நிறைந்த கணத்தில் வெளிப்படும். அதனால் சக்திச் சோதனையின் எண்களை அன்றைய வெப்பத்துக்கும் உயரத்துக்கும் திருத்தி, போன வார எண்ணோடு ஒப்பிட வேண்டும். (2024 மார்ச்சில் குன்னூர்க் காட்டுத்தீயில் விமானப்படையின் எம்ஐ-17 வி5 வாளியோடு பறந்ததும் ஏறத்தாழ 6,000 அடி உயரத்தில்தான். அது பழைய ஹெலிகாப்டர் அல்ல. ஆனால் மெலிந்த காற்று எல்லாருக்கும் ஒன்றுதான்.)

இதே 6,000 அடியில், 2008 ஆகஸ்ட் 5 அன்று, கலிஃபோர்னியாவின் வீவர்வில் அருகே ஒரு எஸ்-61 கிளம்பும்போது மரங்களில் மோதி விழுந்து எரிந்தது. 13 பேரில் 9 பேர் இறந்தார்கள். அவர்களில் ஏழு பேர் தீயணைப்பு வீரர்கள். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2010 டிசம்பரில் சொன்ன காரணத்தில் உலோகச் சோர்வுக்கு இடமே இல்லை. ஹெலிகாப்டரின் வெற்று எடை வேண்டுமென்றே குறைத்துக் காட்டப்பட்டிருந்தது. வித்தியாசம் 1,400 பவுண்டுக்கு மேல். என்ஜின் சக்தி வரைபடமும் கூடுதல் சக்தி இருப்பதுபோல் மாற்றப்பட்டிருந்தது. மேற்பார்வையிட வேண்டிய வனத்துறையும் விமானப் போக்குவரத்து நிர்வாகமும் கவனிக்கவில்லை. விமானிகள் கணக்குப் போட்டுத்தான் கிளம்பினார்கள். அவர்கள் கையில் கொடுக்கப்பட்ட எண்கள்தான் பொய்.

எடை பார்ப்பது பெரிய வித்தை இல்லை. ஹாங்கர் கதவுகளை மூட வேண்டும், காற்று ரோட்டரைத் தூக்கி எடையைக் குறைத்துக் காட்டும். எரிபொருளை வடிக்க வேண்டும், உள்ளே இருக்கும் ஒவ்வொரு சாமானையும் பட்டியலோடு சரிபார்க்க வேண்டும், ஜாக்குகளின்மேல் எடைக் கருவி வைத்து மட்டம் பார்த்துத் தூக்க வேண்டும். பழைய ஹெலிகாப்டர் எப்போதும் எடை கூடிக்கொண்டேதான் போகும்: பெயின்ட்டின்மேல் பெயின்ட், ஒட்டுத் தகடு, பிடுங்காமல் விட்ட பழைய வயர், தரைக்கு அடியில் சேர்ந்த மண். குறைந்திருப்பதாகக் காகிதம் சொன்னால் நம்பாதீர்கள். ஒப்பந்தம் கொடுப்பவரின் ஆள் பக்கத்தில் நின்று எண்ணைத் தன் கையால் எழுத வேண்டும் என்பதில் நாம் விட்டுக்கொடுக்கவே கூடாது. சுமை அதிகம் தூக்குவதாகக் காட்டுபவருக்கே வேலை கிடைக்கும் இடத்தில் பொய் சொல்லும் ஆசை இருந்துகொண்டே இருக்கும்.

வீவர்வில் விபத்தில் இருக்கைகள் தரையிலிருந்து பிய்ந்து வந்தன. எரிபொருள் தொட்டிகள் பிளந்தன. எஸ்-61 அந்தக் காலத்து விதிகளின்படி சான்று பெற்றது. பிறகு வந்த கடுமையான விதிகள் அதைக் கட்டுப்படுத்தவில்லை. இன்றும் நிலைமை ஏறக்குறைய அதுவே: மோதினாலும் எளிதில் கிழியாத எரிபொருள் அமைப்பு வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம், 2020 ஏப்ரல் 5-க்குப் பிறகு புதிதாகத் தயாராகும் ஹெலிகாப்டர்களுக்குத்தான். விந்தை என்னவென்றால், அமெரிக்க ராணுவம் தன் ஹியூயிகளில் கிழியாத தொட்டிகளை 1970-லிருந்தே பொருத்தத் தொடங்கிவிட்டது. தீக்காயச் சாவுகள் பெருமளவு குறைந்தன. அதனால் ராணுவத்திலிருந்து வந்த ஹியூயியை வாங்குபவர் தொட்டி அறையின் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். ரப்பர்ப் பை அசலா, இடையில் யாராவது லேசான பையாக மாற்றிவிட்டார்களா, மோதலில் துண்டித்துக்கொண்டு தானாக மூடும் இணைப்புகள் இன்னும் இருக்கின்றனவா, பை காய்ந்து வெடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பை கெட்டிருந்தால் அதே தரத்தில் புதிதாகப் போடச் சொல்லுங்கள். எடை கொஞ்சம் கூடும், அவ்வளவு தண்ணீர் குறையும்.