கடலைப் பார்க்காத கப்பல்காரர்

2024 நவம்பர் 20, புதன்

நேற்று சாயங்காலம் ஐயாவை, என் அப்பாவைப் பெற்றவரை, எரியூட்டினோம். இன்று காலை பால் தெளித்துவிட்டு வந்தோம். கேதம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் 'பட்டாளத்தார் போயிட்டாரே' என்றுதான் அழுதார்கள். அவர் இருந்திருந்தால், "பட்டாளம் இல்லப்பா, கப்பல்" என்று திருத்தியிருப்பார். இன்று யாரும் திருத்தவில்லை. எனக்கும் வாய் வரவில்லை.

நவம்பர் 23, சனி

அவருடைய தகரப்பெட்டியைத் திறந்தோம். வங்கிக்காக பென்ஷன் புத்தகம் தேவைப்பட்டது. இந்த மாதம் 5ஆம் தேதிதான் என் வண்டியில் கூட்டிக்கொண்டு போய் லைஃப் சர்டிபிகேட் கொடுத்தோம். ரேகை விழாமல் நாலு தடவை விரலைத் துடைத்துத் துடைத்து வைத்தார். பாய்லர் வால்வு திருகித் தேய்ந்துபோன விரல்கள்.

பெட்டியில் 1971 போருக்காகக் கொடுத்த பூர்வி ஸ்டார், சங்கராம் மெடல் இரண்டும் ஒரு பனியன் துணியில் சுற்றியிருந்தன. அடியில் ஒரு முழக் கயிறு. விதவிதமான முடிச்சு போட்டுக் காட்டி, "அவிழ்றா பாப்போம்" என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த அதே கயிறு. முனை பிரியாமல் நூல் சுற்றிக் கட்டியிருக்கிறார். அதை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன்.

நவம்பர் 27, புதன்

அவர் சொன்னதை மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும்.

1965இல், பதினேழு வயதில் கடற்படையில் சேர்ந்தார். லோனாவாலாவில் ஐ.என்.எஸ். சிவாஜியில் என்ஜின் பயிற்சி. பிறகு விக்ராந்தில் ஸ்டோக்கர், அதாவது பாய்லர் பார்க்கும் வேலை. விமானம் தாங்கிக் கப்பல் என்றதும் எல்லாரும் மேல்தளத்தைத்தான் நினைப்பார்கள். ஐயா இருந்தது அதன் வயிற்றுக்குள். நாலு பாய்லர். 1971 போருக்கு முன்பே அதில் ஒன்று விரிசல் விட்டுப்போயிருந்தது. மூன்றை வைத்துக்கொண்டுதான் ஓட்டினார்கள். முழு வேகம் கிடைக்காது. சண்டையில் கப்பலுக்கு வேகம்தான் உயிர். அதனால் அந்த மூன்றையும் பச்சைப்பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டோம் என்பார்.

விமானத்தைத் தளத்திலிருந்து வீசி எறிவதும் நீராவிதான். கவணில் கல் வைத்து விடுகிற மாதிரி. ஒவ்வொரு விமானம் போகும்போதும் கீழே பிரஷர் முள் சட்டென்று இறங்கி ஏறுமாம். டிசம்பர் 4 காலையில், அப்போது கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரைத் தாக்க ஸீ ஹாக் விமானங்கள் கிளம்பின. முள் எட்டுத் தடவை இறங்கியது. ஐயா விரல் விட்டு எண்ணினார். பிறகு அவை திரும்பி வந்து இறங்கும் அதிர்வு காலடித் தகட்டில் தெரியும்வரை காத்திருந்தார். "எட்டும் வந்துருச்சுய்யா" என்று முடிக்கும்போது, ஒவ்வொரு தடவையும் குரல் கம்மும்.

அந்த வாரம் முழுக்க அவர் கடலைப் பார்க்கவே இல்லை. வியர்வை, உப்பு மாத்திரை, எண்ணெய் வாடை. காது அங்கேதான் போனது.

விக்ராந்தைத் தேடி வந்த பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி, அந்தத் தாக்குதலுக்கு முந்தின ராத்திரி விசாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கியது. அது பின்னால்தான் இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஊரே அதைக் கொண்டாடிப் பேசும். ஐயா மட்டும், "அதுலயும் என்னைய மாதிரி ஒருத்தன் என்ஜின் பக்கத்துல நின்னுருப்பான்ல" என்பார். அதற்கு மேல் பேசமாட்டார். இதை அவரிடமிருந்து தவிர வேறு யாரிடமும் நான் கேட்டதில்லை.

டிசம்பர் 1, ஞாயிறு

சித்தப்பா மகன் சென்னையிலிருந்து அந்த பஜாஜ் வி வண்டியிலேயே வந்துவிட்டான். விக்ராந்தை உடைத்த இரும்பைச் சேர்த்துச் செய்த டேங்க் என்று 2016இல் வாங்கியது. கப்பலை உடைக்கிறார்கள் என்று தெரிந்த நாளில் ஐயா சாப்பிடவில்லை. ஆனால் வண்டி வந்தபோது வாசலில் இறங்கி, டேங்கின் மேல் உள்ளங்கையை வைத்து வெகுநேரம் நின்றார். வெயிலில் வந்த வண்டி, சுடும், கையை எடுங்க என்றோம். "இதெல்லாம் ஒரு சூடா" என்றார்.

ரிட்டயராகி வந்த பிறகும் பல வருஷம் நெல் அவிக்கும் மில்லில் பாய்லர் பார்த்தவர்தான். நெருப்பை விட்டு அவர் விலகியதே இல்லை.

டிசம்பர் 4, புதன்

நேற்று பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. மாமா வீட்டார் கிளம்பிவிட்டார்கள். வங்கியில் பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரம் போகவேண்டும்.

இன்று கடற்படை தினம். இந்த வருஷம் பூரி கடற்கரையில். டிவியில் கப்பல்கள் வரிசையாக வந்தன. அதே வங்கக் கடல். வழக்கமாக ஐயா இந்த நாளில் வெள்ளைச் சட்டை போட்டு, நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துக்கொள்வார். நாற்காலி அங்கேயே கிடந்தது. யாரும் நகர்த்தவில்லை.

அவருக்குக் கேட்க வேண்டுமே என்று ஐம்பது வருஷம் சத்தம் போட்டே பேசிப் பழகிய அப்பத்தா, அடுப்படியிலிருந்து கத்தியது:

"கப்பல் காட்டுறானா?"

"காட்டுறாங்க அப்பத்தா" என்று நானும் அதே சத்தத்தில் சொன்னேன்.