கண்ணிமையில் ரத்தத் திட்டா? நாக்கையும் பாருங்கள்

தோல் மருத்துவ முதுநிலைத் தேர்வுக்குப் படிக்கும்போது அமிலாய்டோசிஸை, அதாவது அமிலாய்டு என்ற பிறழ்ந்த புரதம் உடலில் படியும் நோயை, வெறும் அட்டவணையாகத்தான் மனப்பாடம் செய்திருந்தேன். செய்முறைத் தேர்வில் எனக்கு வந்த நோயாளியின் இரண்டு கண்ணிமைகளிலும் ஊதாத் திட்டுகள். அடி எதுவும் படவில்லையாம். "கண்ணைக் கசக்கினாலே வந்துடுதும்மா" என்றார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை; பிளேட்லெட் குறைவு என்றேன். தேர்வாளர் மறுத்துப் பேசவில்லை. "நாக்கை நீட்டச் சொல்லுங்க" என்றார். நாக்கு தடித்து விறைப்பாக இருந்தது; ஓரம் முழுக்கப் பல் பதிந்த பள்ளங்கள். விடை அங்கேதான் இருந்தது: அமிலாய்டோசிஸ்.

இந்த நோயின் ஏஎல் வகையில், பிளாஸ்மா செல்கள் (எதிர்ப்புப் புரதம் சுரக்கும் செல்கள்) சுரக்கும் லைட் செயின் என்ற புரதத் துண்டு ரத்தக்குழாய்ச் சுவரில் படிகிறது. சுவர் நொய்ந்துபோவதால் லேசாகக் கிள்ளினால்கூட ரத்தம் கசியும். பிளேட்லெட் எண்ணிக்கை சரியாகவே இருக்கலாம். சிலருக்கு ரத்தம் உறைய உதவும் புரதமான காரணி 10-ஐயும் அமிலாய்டு பிடித்துவைத்துக்கொள்ளும். இமை, கழுத்து, தோல் மடிப்புகளில் மெழுகு பூசியதுபோல் மினுங்கும் சிறு பருக்களையும் தேடுங்கள். நல்ல வெளிச்சத்தில் பக்கவாட்டில் பார்த்தால்தான் அவை தெரியும்.

தோலைப் பார்த்ததும் கேள்விகளை உள்ளுறுப்புகள் பக்கம் திருப்புங்கள். இரண்டு கையும் மரத்துப்போகிறதா? சிறுநீர் நுரைக்கிறதா? எழுந்து நின்றால் தலை சுற்றுகிறதா? எக்கோவில் (இதய ஸ்கேனில்) இதயச் சுவர் தடித்திருக்க, ஈசிஜி அலைகள் மட்டும் குட்டையாக இருந்தால் சந்தேகம் வலுக்கும்.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. முழங்காலுக்குக் கீழே அரிப்போடு சொரசொரப்பாக வரும் லைக்கன் அமிலாய்டோசிஸ் தோலோடு நின்றுவிடும். அதில் படிவது தோல் செல்களின் கெரட்டினிலிருந்து வரும் புரதம். திசுவில் காங்கோ ரெட் சாயமிட்டுத் துருவ ஒளியில் பார்த்தால் ஏஎல், லைக்கன் இரண்டுமே ஆப்பிள் பச்சையாகத்தான் மின்னும். அதனால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) "காங்கோ ரெட் பாசிட்டிவ்" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். படிந்திருப்பது எந்தப் புரதம் என்று வகைப்படுத்த வேண்டும், ரத்தத்திலும் சிறுநீரிலும் இம்யூனோஃபிக்சேஷன் (அசாதாரண எதிர்ப்புப் புரதத்தைக் கண்டறியும் சோதனை), கூடவே சீரம் ஃப்ரீ லைட் செயின் (ரத்தத்தில் தனியாக உலவும் லைட் செயின் அளவு) பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பயாப்ஸிக்கு வயிற்றுக் கொழுப்பை ஊசியால் உறிஞ்சி எடுத்தாலே பெரும்பாலும் போதும்.

இமை விளிம்பில் மணி கோத்ததுபோல் பருக்கள், குழந்தையிலிருந்தே கரகரத்த குரல் என்று வந்தால் அது வேறு: லிபாய்டு புரோட்டினோசிஸ், இசிஎம்1 மரபணுக் கோளாறு. அந்த நோயாளியை முதலில் பேசவிடுங்கள், குரலே காட்டிக்கொடுத்துவிடும்.