எட்டு விளக்கும் எரிந்தன, படம் மட்டும் நின்றது

கடந்த ஞாயிறு இரவு, மாத்தூர் தொட்டிப்பாலத்தில் நான் எடுத்த 22 நிமிட 4கே படம் எங்கள் வீட்டு டிவியில் ஓரிடத்திலும் நிற்காமல் ஓடி முடிந்தது. முன்னறையில் சர்வராக இருக்கும் பழைய கணினியிலிருந்து பின்கட்டுக் கூடத்து டிவிக்கு 16.5 ஜிபி போய்ச் சேர்ந்திருக்கிறது. சர்வரின் சிபியு பயன்பாடு 4 சதவீதத்தைத் தாண்டவில்லை. படத்தை எங்கும் சுருக்கவில்லை, கேமரா எழுதியது அப்படியே வந்தது. இதற்காக வீட்டில் நெட்வொர்க் கேபிள் இழுக்க ஜூன் முதல் வாரத்தில் தொடங்கிய வேலை இது. நான்கு மாதங்கள் ஆகிவிட்டன.

குளச்சல் பக்கம், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. முன்பகுதி புதிய கான்கிரீட் கட்டடம், பின்பகுதி தாத்தா காலத்துக் கருங்கல் சுவர். அந்தச் சுவர் ஒன்றரை அடி கனம். ரூட்டர் முன்னறையில் இருக்கிறது. பின்கட்டுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை எட்டிப் பார்ப்பதே இல்லை. 2.4இல் 30, 35 மெகாபிட் கிடைக்கும். சினிமா பார்க்க அது போதும், ப்ளூரே தட்டிலிருந்து எடுத்த எச்டி படங்கள்கூடச் சமாளித்துக்கொண்டு ஓடும். என் சோனி கேமரா எக்ஸ்ஏவிசி எஸ் என்ற வடிவில் எழுதும் 4கே பதிவு நொடிக்கு 100 மெகாபிட். அதற்குக் கேபிள்தான் வழி.

‘எச்265க்கு மாற்றிவிட்டால் கால்வாசி அளவில் ஓடுமே’ என்று கேட்பவர்கள் இருப்பார்கள். எச்265 என்பது படத்தை இன்னும் இறுக்கிச் சுருக்கும் முறை. மாற்றிப் பார்த்தேன். தொட்டிப்பாலத்தின் தூண்கள் 115 அடி உயரம், கீழே பறளியாறு. விடியற்காலையில் ஆற்றிலிருந்து எழும் மூடுபனி தூண்களின் பாதி உயரம்வரை ஏறி நிற்கும். அந்தப் பனியின் சாம்பல் நிறம் மெல்ல மெல்ல மாறுவதுதான் படமே. 25 மெகாபிட்டுக்குச் சுருக்கியதும் அது படிக்கட்டு வரைந்ததுபோல் பட்டை பட்டையாகிவிட்டது. அதற்காகவா காலை நாலரை மணிக்கு எழுந்து திருவட்டாறு வழியாக வண்டி ஓட்டினேன்? எடுத்தது எடுத்தபடியே வர வேண்டும், இதில் நான் இறங்கி வருவதாக இல்லை.

முதல் கேபிள் ஒரு மாதம்தான் தாங்கியது. நாகர்கோவிலில் ஒரு கடையில் கேட்6 (ஜிகாபிட் வேகம் தாங்கும் நெட்வொர்க் கேபிள்) என்று சொல்லி மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுத்தார்கள். மொட்டைமாடி வழியாக 28 மீட்டர் இழுத்தேன். ஜூலை மழைக்குப் பிறகு இணைப்பு வருவதும் போவதுமாக இருந்தது. ஒரு கம்பியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளை! செம்பு பூசிய அலுமினியம். கைபிடிச் சுவர் மூலையில் வளைத்த இடத்தில் இரண்டு கம்பிகள் விட்டுப்போயிருந்தன. உப்புக்காற்றில் செம்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் அலுமினியம் அரித்துப்போகும். இது கடற்கரை ஊரில் கடை வைத்திருப்பவருக்குத் தெரியாதா? அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. வாங்கும்போதே ஒரு நுனியைச் சுரண்டிப் பாருங்கள், கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. இரண்டாவதாக முழுச் செம்பு, வெயில் தாங்கும் கறுப்பு உறை போட்ட வெளிப்புறக் கேபிளாக வாங்கினேன். வடசேரியிலிருந்து அதைப் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்.

இனிதான் முக்கியமான இடம்.

புதுக் கேபிள், நுனியில் செருகியாக மாட்டும் புது கனெக்டர், சோதனைக் கருவியில் எட்டு விளக்கும் வரிசையாக எரிந்தன. கணினியில் பார்த்தால் வேகம் 100 மெகாபிட் என்று நிற்கிறது, 1000 வரவில்லை. படம் முக்கால் நிமிடம் ஓடி நிற்கும், சுற்றும், மறுபடி ஓடும். அப்பா நாற்காலியைத் திருப்பி, “ஏன் மக்களே, போட்டு கரையேறும்போதெல்லாம் நின்றுவிடுகிறதே?” என்று கேட்டார். துறைமுகத்துக்குப் போட்டுகள், அதாவது மீன்பிடிப் படகுகள், திரும்பும் காட்சி அது, நான் எடுத்த இன்னொரு படத்தில். நாற்பது வருடம் கடலுக்குப் போனவருக்கு அதில் ஒவ்வொரு போட்டையும் பெயர் சொல்லத் தெரியும்.

100 மெகாபிட்டுக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பிகள் போதும். ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். நீல ஜோடியோ பழுப்பு ஜோடியோ சரியாகப் பிடிக்கவில்லை என்றால், இணைப்பு அறுந்துபோகாது, சத்தமில்லாமல் நூறுக்கு இறங்கிக்கொள்ளும். சோதனைக் கருவியோ மின்சாரம் அந்தப் பக்கம் போகிறதா என்று மட்டும்தான் பார்க்கிறது. ஒரு மயிரிழை தொட்டுக்கொண்டிருந்தாலும் விளக்கு எரியும். அந்த விளக்குகளை நம்பி மூன்று வாரம் சர்வரையும் நெட்வொர்க் ஸ்விட்சையும், சர்வரிலிருந்து படத்தை அனுப்பும் ஜெல்லிஃபின் மென்பொருளின் அமைப்புகளையும் நோண்டிக்கொண்டிருந்தேன்.

காரணம் கனெக்டருக்குள் இருக்கும் உலோகப் பல். பல இழை கொண்ட மென்கம்பிக்கான கனெக்டரில் பல் நேர்க்கோட்டில் இருக்கும், இழைகளுக்கு நடுவே குத்தி இறங்கும். சுவரில் ஓடும் ஒற்றைக் கம்பிக்கு அது ஆகாது. பல்லின் முனை மாறி மாறி இருபுறமும் விலகி, கம்பியைக் கவட்டைபோல் கவ்விக்கொள்ள வேண்டும். நான் வாங்கிய பாக்கெட் முழுவதும் முதல் வகை. பல் கம்பியின் முதுகில் ஏறி உட்கார்ந்திருந்தது, பிடிக்கவில்லை. காற்றில் கேபிள் ஆடினால் போதும், நீல ஜோடி விட்டுவிடும். போதாததற்கு உப்பீரம். ஒரு மாதம் கழித்து வெட்டிப் பார்த்தபோது 4, 5ஆம் பற்களில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது.

ஒற்றைக் கம்பிக்கான கனெக்டர், பொன்முலாம் கனமாகப் பூசியது, தேடி வாங்கினேன். நுனி முன்பக்கம் வெளியே வந்து வெட்டுப்படும் வகையை வாங்கவில்லை. வேலை சுலபம்தான், ஆனால் வெட்டிய செம்பு முனைகள் எட்டும் காற்றுக்குத் திறந்து கிடக்கும். எங்கள் ஊர்க் காற்றுக்கு அது ஒத்துவராது. பழைய முறையில் ஜோடியின் முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்காமல், வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்று பி வரிசையில் (டி568பி) அடுக்கி, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடியே ஒரே வெட்டு. பிறகு உள்ளே தள்ளும்போது கையைத் தளர்த்தக் கூடாது. எட்டு நுனியும் கனெக்டரின் முன்சுவரில் முட்டுவதை விளக்கு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். வெளியுறை உள்ளே போய்க் கவ்வியின் அடியில் சிக்க வேண்டும். அது சிக்காவிட்டால் இழுவை முழுவதும் அந்த எட்டுப் பற்களில்தான் விழும். ஏழு கனெக்டர் வீணானபின் எட்டாவதும் ஒன்பதாவதும் சரியாக அமைந்தன. கேபிளை ஆட்டி, வளைத்து, இழுத்துக்கொண்டே, வேகம் அளக்கும் ஐபெர்ஃப் மென்பொருளை ஓட்டினேன். 938 மெகாபிட், ஆட்டினாலும் 938. பத்து நிமிடம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அத்தனையும் மடிக்கணினியில். டிவியில் செருகினேன், படம் மறுபடியும் நின்றது. டிவியின் நெட்வொர்க் துளையே 100 மெகாபிட்தானாம். நடைமுறையில் 94 கிடைக்கும், என் படத்துக்கு 100க்குச் சற்று மேல் வேண்டும். 4கே என்று பெட்டியில் அவ்வளவு பெரிதாக அச்சிடுகிறவர்கள் இந்தத் துளைக்கு இன்னும் கொஞ்சம் செலவழித்தால் என்ன?

யுஎஸ்பி ஜிகாபிட் அடாப்டரில்தான் இது தீர்ந்தது. ஏஎக்ஸ்88179 சில்லு உள்ளதை என் டிவி கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டது. டிவியில் இருப்பது யுஎஸ்பி 2.0 துளை என்பதால் முழு ஜிகாபிட் வராது. எனக்கு 310 வருகிறது, மூன்று மடங்கு. எக்ஸ்ஏவிசி எஸ் கோப்பில் ஒலி எல்பிசிஎம் என்ற சுருக்காத வடிவில் இருக்கும், அதை மட்டும் டிவி ஏற்கவில்லை. ஜெல்லிஃபின் ஒலியை மட்டும் ஏஏசி என்ற சுருக்கிய வடிவுக்கு மாற்றி, படத்தைத் தொடாமல் அனுப்புகிறது. அந்த 4 சதவீதம் அதற்குத்தான்.

ராஸ்பெர்ரி பை 4 என்ற கையடக்கக் கணினியை வாங்கி டிவியோடு இணைக்கலாமே என்று அண்ணன் சொன்னான். அதில் எச்265க்குத்தான் 4கே வன்பொருள் வசதி உண்டு, எச்264 என்றால் 1080பி வரைக்கும்தான். என் படங்கள் எல்லாம் அந்தப் பழைய எச்264 முறையில்.

அடுத்தது அண்ணன் வீடு, தெற்கே 40 மீட்டர். மைனி (அண்ணி) இப்போதே கேட்டுவிட்டார். அங்கே செம்புக் கேபிள் இழுக்க மாட்டேன். ஐப்பசி பிறந்தால் மாலை தவறாமல் இடி, இரண்டு வீட்டுக்கும் தனித்தனி எர்த். ஒரு மின்னலில் இரு பக்கப் பெட்டிகளும் போய்விடும். மின்சாரம் கடத்தாத கண்ணாடி இழை, ஃபைபர்தான். கேபிள் டிவி இணைப்பு தரும் தம்பி ஒருவர் முனை ஒட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஃபைபரின் ஒளியைச் செம்புக் கேபிளின் சைகையாகவும் திரும்பவும் மாற்றும் மீடியா கன்வெர்ட்டர் இரண்டு வாங்க வேண்டும். மார்த்தாண்டத்தில் விலை விசாரித்துவிட்டேன், திருவனந்தபுரத்திலும் ஒருமுறை கேட்டுவிட்டு முடிவு செய்வேன்.

அதற்குமுன் மாடியறை பாக்கி. கேபிள் சுவர்வரை வந்து சுருட்டிக் கிடக்கிறது, கனெக்டர் இன்னும் போடவில்லை. நுனியில் பிளாஸ்டிக் பை சுற்றி ரப்பர் போட்டு வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மழை விட்டால் போட்டுவிடுவேன். அப்பா போட்டுக் காட்சியை மறுபடி வைக்கச் சொல்லியிருக்கிறார். மூன்றாவதாக வரும் நீலப் போட்டு யாருடையது என்று அவருக்கும் பக்கத்து வீட்டு மாமாவுக்கும் இன்னும் தீரவில்லை.