பத்துக்கு எத்தனை? பிட்ஸ்பர்க்கில் ஒரு பேய்ப்பட அக்டோபர்

எங்கள் அலுவலகத்தில் செப்டம்பர் கடைசி வாரம் ஒரு கூகுள் ஷீட் எல்லோருக்கும் வரும். அக்டோபரின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி, அதில் ஒரு பேய்ப்படத்தின் பெயர், பக்கத்தில் ஆளுக்கொரு கட்டம். படத்தைப் பார்த்துவிட்டுப் பத்துக்கு எத்தனை என்று போட வேண்டும். எல்லாவற்றையும் பார்த்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை, ஆனால் பட்டியலுக்குச் சில விதிகள் உண்டு. 1970-க்கு முந்தைய படம் ஒன்றாவது இருக்க வேண்டும், ஆங்கிலம் அல்லாத படம் ஒன்று இருக்க வேண்டும். அமெரிக்காவில் அக்டோபர் 31-இல் வரும் ஹாலோவீன் வரைக்கும் நாளுக்கொரு திகில் படம் பார்ப்பதை விரதம் மாதிரி கடைப்பிடிக்கிறவர்கள் நிறையப் பேர். படங்களுக்கு மதிப்பெண் போடும் லெட்டர்பாக்ஸ்ட் தளத்தில் அரை நட்சத்திரத்துக்காக மணிக்கணக்கில் வாதாடுவார்கள்.

வந்த புதிதில் எனக்கு இதில் ஈடுபாடு வரவில்லை. விருதுநகர் பக்கம் வளர்ந்தவள் நான். டிவியில் தமிழில் டப் செய்து போட்ட ஆங்கிலப் பேய்ப்படங்கள் நிறைய பார்த்திருக்கிறேன், ஒன்றுகூட என்னை பயமுறுத்தியதில்லை. எங்கள் ஊர்ப் பேய் எப்போதும் வெளியே இருப்பது. புளியமரம், பாழுங்கிணறு, சுடுகாட்டுப் பாதை, உச்சிவேளையில் ஆள் நடமாட்டம் இல்லாத கண்மாய்க்கரை. வீட்டுக்குள் வந்து கால் கழுவித் திருநீறு பூசிவிட்டால் முடிந்தது. அதுவும் ஒரே கூடத்தில் ஏழெட்டுப் பேர் வரிசையாகப் பாய்போட்டுப் படுத்திருக்கும் வீட்டில் எந்தப் பேய்க்கு இடம் இருக்கும்? அமெரிக்கப் படங்களில் எல்லாமே வீட்டுக்குள் நடக்கும். தனியாக ஒருத்தி, பெரிய வீடு, கீழே இறங்கும் ஒரு படிக்கட்டு. இவள் ஏன் தனியாக இருக்கிறாள், பக்கத்து வீட்டுக்காரர்கள் எங்கே போனார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும்.

அப்புறம் மன்ரோவில்லில் ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்தோம். பென்சில்வேனியா மாநிலத்து பிட்ஸ்பர்க்குக்குக் கிழக்கே இருக்கிற ஊர், பென் ஹில்ஸ் பெருமாள் கோயில் பக்கம் என்பதால் நம் ஆட்கள் கணிசமாக இருக்கிறார்கள். மரவீடு. துணி துவைக்கிற மெஷின் தரைக்கடியில் இருக்கும் பேஸ்மென்ட்டில். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸும் அங்கேதான், ராத்திரியில் தானாக உறுமிக்கொண்டு கிளம்பும். கயிற்றை இழுத்தால் எரிகிற ஒற்றை பல்பு. இந்த ஊர்ப் பழைய வீடுகளுக்கே உரிய இன்னொன்றும் உண்டு: சுவரோ கதவோ இல்லாமல் பேஸ்மென்ட்டின் நடுவில் தனியாக நிற்கும் ஒரு கழிப்பறைப் பீங்கான். எஃகு ஆலையிலிருந்து கரியோடு வருகிறவர்கள் கீழேயே சுத்தம் செய்துகொண்டு மேலே போகத்தான் அது என்று இங்கே சொல்வார்கள். அக்டோபர் கடைசியில் ஆறரைக்குள் சூரியன் மறைந்துவிடும், குளிருக்கு மரம் சுருங்கிச் சத்தம் போடும். கணவர் வேலை விஷயமாக வெளியூர் போன ஒரு வாரத்தில், துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு அந்தப் படிகளில் இறங்கும்போதுதான் இந்த நாட்டுப் பேய்ப்படங்கள் எதைப் பற்றிப் பேசுகின்றன என்று எனக்கு உடம்பில் உறைத்தது. அதே வாரம் 2013-இல் வந்த 'தி கான்ஜூரிங்' படத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். கீழ்த்தளத்தின் இருட்டில் அந்த அம்மா தீக்குச்சியைக் கொளுத்தும்போது பின்னாலிருந்து இரண்டு கைகள் தட்டுமே, ஊரில் பார்த்தபோது அது ஒரு நல்ல காட்சி, அவ்வளவுதான். இங்கே பார்த்தபோது எழுந்து விளக்குகளை எல்லாம் போட்டேன். ஊரில் 6 கொடுத்திருப்பேன். ஷீட்டில் 8 போட்டேன்.

அன்றிலிருந்து என் அளவுகோல் இதுதான். படம் முடிந்த மறுநாள் காலையில் பேஸ்மென்ட்டுக்கு இறங்கும்போது அந்தப் படம் கூட வருகிறதா? வந்தால் 7-க்கு மேல். திடீரென்று சத்தம் போட்டுத் தூக்கிவாரிப் போடவைப்பதற்கு நான் மதிப்பெண் தருவதில்லை, குறைக்கிறேன். பட்டாசு வெடித்தாலும்தான் தூக்கிவாரிப் போடும். மனிதர்களைக் கட்டிப்போட்டு வதைப்பதை நீளமாகக் காட்டும் படங்களைப் பார்க்கவே மாட்டேன், அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவேன். திகில் படத்துக்கு முதல் தேவை, அதில் வரும் ஆட்கள் சாகக் கூடாது என்று நாம் பதறுவது. அந்தப் பதற்றம் வராத படத்தில் எத்தனை லிட்டர் ரத்தம் ஓடினாலும் என்ன?

இந்த அளவுகோலில் முதலிடத்தில் நிற்பது இந்த ஊர்ப் படமே. 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்'. கல்லூரிக்காக பிட்ஸ்பர்க் வந்து இங்கேயே தங்கிவிட்ட ஜார்ஜ் ரொமேரோ, சுமார் 1,14,000 டாலரில் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு எடுத்தது. அதற்கு முன்னால் அவர் செய்த வேலைகளில் ஒன்று, குழந்தைகளுக்கான மிஸ்டர் ரோஜர்ஸ் நிகழ்ச்சிக்குச் சிறு படத்துண்டுகள் எடுத்துக் கொடுத்தது. கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் சாக்லேட் சிரப்பையே ரத்தமாகப் பயன்படுத்தினார்கள். செத்தவர்கள் எழுந்து வருகிறார்கள், ஒரு பண்ணைவீட்டில் சிலர் மாட்டிக்கொள்கிறார்கள். படத்தில் பாதி நேரம் அவர்கள் சண்டை போடுவது எதற்கு என்றால், பேஸ்மென்ட்டுக்குள் போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வதா, மேலேயே இருந்து ஜன்னல்களுக்குப் பலகை அடிப்பதா என்பதற்கு! வெளியே நிற்கும் பிணங்களைவிட உள்ளே இருக்கிறவர்கள் ஒத்துப்போகாததுதான் ஆபத்து. நாயகனாக நடித்த டுவேன் ஜோன்ஸ் கறுப்பினத்தவர், ஆனால் படத்தில் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. ராத்திரி முழுக்கப் போராடித் தப்பித்த அந்த மனிதனை, விடிந்ததும் காப்பாற்ற வந்த கூட்டமே பிணம் என்று நினைத்துச் சுட்டுவிடுகிறது. மார்ட்டின் லூதர் கிங் 1968 ஏப்ரலில் கொல்லப்பட்டார், படம் அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று பிட்ஸ்பர்க் நகரில் வெளியானது. அந்தக் கடைசி நிமிடங்களை இன்றைக்கும் என்னால் சாதாரணமாகப் பார்க்க முடிவதில்லை. 9.5.

தலைப்பை மாற்றும்போது பதிப்புரிமை அறிவிப்பைச் சேர்க்க விநியோகஸ்தர் விட்டுவிட்டதால் இந்தப் படம் பதிப்புரிமை இல்லாத பொதுச்சொத்து ஆகிவிட்டது, யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். புதிதாக வருகிறவர்களுக்கு இதையும் சொல்லிவிடுகிறேன்: மாதச் சந்தா கட்டுவதற்கு முன்னால் ஊர் நூலகத்தில் அட்டை வாங்குங்கள். டிவிடி அலமாரி அலமாரியாக இருக்கும், பல ஊர்களில் அந்த அட்டையை வைத்தே கனோபி என்ற இணையதளத்தில் படம் பார்க்கலாம்.

பக்கத்து வீட்டு அம்மா இந்தப் படத்தைப் பன்னிரண்டு வயதில் பகல் காட்சியில் பார்த்தவர். அமெரிக்காவில் படங்களுக்கு வயதுத் தரச்சான்று நடைமுறைக்கு வந்தது 1968 நவம்பரில். அதற்கு ஒரு மாதம் முன்னால் வந்த படம் என்பதால், பிள்ளைகள் பாட்டுக்கு டிக்கெட் வாங்கி உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார்கள். பாதியில் அழுதுகொண்டே வெளியே ஓடிவந்ததாகச் சொன்னார். எங்களுக்குள் பேச்சு வளர்ந்ததே அதற்கப்புறம்தான். அதுவரை குப்பைத்தொட்டியை வெளியே வைக்கும்போது கையசைத்துக்கொள்வதோடு சரி. இந்த நாட்டில் பக்கத்து வீட்டுக்காரரிடம் எதைப் பற்றிப் பேசுவது என்று தெரியாமல் பருவநிலையையே பேசிக்கொண்டிருந்த எனக்கு, என்ன படம் பார்த்தீர்கள், எத்தனை கொடுப்பீர்கள் என்ற கேள்வி பெரிய உதவியாக இருந்தது. சனிக்கிழமை ராத்திரிகளில் உள்ளூர் 11-ஆம் சேனலில் பில் கார்டில் நடத்திய 'சில்லர் தியேட்டர்' பற்றி அவர் சொல்லிக்கொண்டே இருப்பார். 1963-இல் தொடங்கி இருபது வருடம் போல ஓடிய நிகழ்ச்சி. ரொமேரோவின் படத்தில் டிவி நிருபராக வருகிறவரும் அதே பில் கார்டில்தான். அண்ணன் தம்பிகள் எல்லோரும் ஒரே போர்வைக்குள் சுருண்டுகொண்டு பார்த்ததை அவர் சொன்னபோது, ஊரில் நாங்கள் 'விடாது கருப்பு' தொடர் பார்த்த நாட்கள் எனக்கு நினைவுக்கு வந்தன. பாட்டு ஆரம்பித்தாலே என் தம்பி அம்மா முந்தானைக்குள் போய்விடுவான்.

'தி எக்ஸார்சிஸ்ட்' விஷயத்தில் மட்டும் எங்களுக்கு ஒத்துவரவில்லை. அவர் தீவிரமான கத்தோலிக்கர், 1973-இல் வந்த அந்தப் படத்துக்குப் பத்துக்குப் பத்து கொடுத்துவிட்டு, இனி ஜென்மத்துக்கும் பார்க்க மாட்டேன் என்கிறார். நான் 7-க்கு மேல் போகவில்லை. கோடாங்கி உடுக்கை அடித்துப் பேயை விரட்டுவதைச் சின்ன வயதில் நேரிலேயே பார்த்தவளுக்கு, சாமியும் பேயும் ஒரு பெண் உடம்பில் ஏறி இறங்குவது அவ்வளவு அந்நியமான விஷயம் இல்லை. அதில் எனக்கு நெஞ்சை அடைத்தது ஆஸ்பத்திரிக் காட்சிகள். மகளுக்கு என்ன வியாதி என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாமல் அந்தத் தாய் நிற்கிறாளே, அதற்காகத்தான் அந்த 7.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு, கேன்டீனில் புளியோதரை சாப்பிட்டுவிட்டு, அப்படியே மன்ரோவில் மாலுக்குப் போவது எங்கள் வழக்கம். எங்கள் முதல் குளிர்காலக் கோட்டுகளை வாங்கியது அங்கேதான். ரொமேரோ 1978-இல் வெளியிட்ட 'டான் ஆஃப் தி டெட்' எடுக்கப்பட்டதும் இந்த மாலில்தான் என்று தெரிந்தபோது சந்தோஷமாக இருந்தது. கடைகள் மூடியபிறகு ராத்திரி முழுக்கப் படம்பிடித்து, காலையில் திறப்பதற்குள் துடைத்துவிட்டுப் போவார்களாம். பிணங்களின் ஒப்பனையைச் செய்த டாம் சவினியும் பிட்ஸ்பர்க்காரர், வியட்நாம் போரில் ராணுவப் புகைப்படக்காரராக இருந்தவர். மாலுக்குள் ரொமேரோவுக்கு ஒரு மார்பளவுச் சிலைகூட வைத்திருக்கிறார்கள். செத்தபிறகும் பழக்கதோஷத்தில் மாலுக்கே வந்து சுற்றும் கூட்டத்தை, நாங்கள் கோட்டு வாங்கிய அதே இடத்தில் பார்ப்பது தனி அனுபவம். 8.5.

ஜான் கார்பென்டரின் 'ஹாலோவீன்' படத்துக்கு 9. சுமார் 3 லட்சம் டாலரில் எடுத்தது, கடையில் வாங்கிய, 'ஸ்டார் டிரெக்' தொடரின் கேப்டன் கிர்க் முகமூடி ஒன்றுக்கு வெள்ளை அடித்துக் கொலைகாரனுக்கு மாட்டிவிட்டார்கள், இசையும் கார்பென்டரே. கதை நடப்பது இல்லினாயில் இலையுதிர்காலத்தில், ஆனால் எடுத்தது கலிஃபோர்னியாவில் வசந்தகாலத்தில். அதனால் காகித இலைகளுக்குப் பழுப்புச் சாயம் பூசித் தெருவில் தூவி, காட்சி முடிந்ததும் திரும்ப அள்ளிக்கொண்டார்கள். நான் அமெரிக்கா வந்த வருடம் பார்த்தபோது எனக்கு அதில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. பென்சில்வேனியாவின் அக்டோபரைப் பார்த்து, வீட்டு வாசலில் இலை கூட்டிக் கூட்டிக் கை காய்த்தபிறகு பார்த்தால், பின்னால் மரங்கள் எல்லாம் பச்சைப்பசேல் என்று நிற்பது கண்ணில் படுகிறது. அதற்காக மதிப்பெண் குறைக்கவில்லை. பட்டப்பகலில், ஒழுங்காகப் புல் வெட்டிய அமைதியான தெருவில், வேலியோரமாக ஒருத்தன் சும்மா நிற்பதையே பயமாக்கிய படம் அது. மாலையில் நடக்கப் போகும்போது ஒரு தெரு முழுக்க ஒரு ஆள்கூட எதிரே வராத ஊரில் இருந்து பார்த்தால் அது புரியும்.

ஆங்கிலம் அல்லாத படத்துக்கு நான் 2009-இல் வந்த 'யாவரும் நலம்' கொடுத்தேன். புதுவீட்டில் தினமும் பால் கெட்டுப்போவதில் ஆரம்பிக்கும் படம். என் கூட வேலை செய்கிறவர்களுக்கு அது ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. பால் கெட்டால் வேறு வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே? புதுவீட்டில் முதலில் பால் காய்ச்சுவோம், அது பொங்குவதைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம், பொங்காமல் திரிந்தால் வீட்டில் பெரியவர்கள் முகம் எப்படி மாறும் என்று விளக்கிச் சொன்னேன். ஒருவர் படத்தை மறுபடி முதலிலிருந்து பார்த்துவிட்டு 6-ஐ 8 ஆக மாற்றினார். பேஸ்மென்ட்டை நான் புரிந்துகொண்டது மாதிரி அவர் பாலைப் புரிந்துகொண்டார். அந்த ஷீட்டில் எனக்கு மிகவும் பிடித்த மதிப்பெண் அதுதான்.

2024-இல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில் வந்தன, அக்டோபர் 31. காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு அம்மாவுக்கு வீடியோ கால் போட்டால், எங்கள் தெருவில் புல்வெளியெல்லாம் எலும்புக்கூடும் கல்லறையும் நிற்பதைப் பார்த்துவிட்டு, "நல்ல நாளும் அதுவுமா இதென்னடி கூத்து, வாசல்ல வெளக்கு ஏத்துற நேரத்துக்கு இதெல்லாம் கண்ணுல படலாமா?" என்றார். வாசலில் முகம் செதுக்கிய பூசணிக்காயைக் காட்டியதும் குரல் மாறியது. திருஷ்டிப் பூசணிக்கு நாம் முகம் வரைந்து கட்டுவதில்லையா, அது மட்டும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் பிள்ளைகள் மிட்டாய் கேட்டு வருவதற்கு ஊரே நேரம் குறித்துவிடும், சாயங்காலம் ஐந்தரையிலிருந்து ஏழரை. வாசல் விளக்கு எரிந்தால் வரலாம் என்று அர்த்தம். வீட்டில் செய்த பலகாரம் கொடுக்கக் கூடாது, உறை பிரிக்காத மிட்டாய்தான் கொடுக்க வேண்டும். அன்றைக்கு எங்கள் வாசலில் அகல்விளக்கு வரிசையும் சேர்ந்து எரிந்ததால் கூட்டம் வழக்கத்தைவிட அதிகம். மண்டையோட்டு முகமூடி போட்ட ஒரு சின்னப்பையன் விளக்குகளைத் தாண்டி வரத் தயங்கி, அங்கேயே நின்று கை நீட்டினான்.

கூட்டம் ஓய்ந்ததும் பக்கத்து வீட்டு அம்மா வந்தார். அவருக்கு முறுக்கும் அதிரசமும் தாராளமாகக் கொடுக்கலாம். பட்டியலின் கடைசிப் படமாக நான் வைத்திருந்தது 'தி சிக்ஸ்த் சென்ஸ்'. மாஹேயில் பிறந்து, தமிழ்த் தாய்க்கு மகனாக பிலடெல்ஃபியா பக்கம் வளர்ந்த மனோஜ் நைட் ஷ்யாமளன் 1999-இல் எடுத்தது. எங்கள் மாநிலத்தின் மறுகோடியில் நடக்கும் கதை. முடிவைச் சொல்ல மாட்டேன். காருக்குள் அந்தப் பையன் செத்துப்போன பாட்டி சொல்லியனுப்பியதை அம்மாவிடம் சொல்கிற காட்சி ஒன்று போதும், பேய்ப்படம் எதற்காக எடுக்கப்படுகிறது என்று கேட்கிறவர்களுக்குக் காட்ட. நான் 9.5 போட்டேன். முடிவு தெரிந்துவிட்டால் இரண்டாம் முறை அந்த அளவுக்கு இல்லை என்று அவர் 9 கொடுத்தார். இரண்டாம் முறைதான் நன்றாக இருக்கிறது, ஒவ்வொரு காட்சியிலும் யார் யாரோடு பேசுகிறார்கள், யார் பதில் சொல்வதே இல்லை என்று கவனித்துப் பாருங்கள் என்று பதினோரு மணி வரைக்கும் வாதாடிப் பார்த்தேன். இன்னொரு முறுக்கை எடுத்துக்கொண்டு, 9 என்றால் 9 என்று சொல்லிவிட்டார்.